முந்தையோர் விட்டுச் சென்ற அடுப்பு

புது வீடு வாங்கினோம் என்று நாம் மகிழ்ந்து சொன்னாலும், பெரும்பாலும் நாம் வாங்குவது பிறர் வாழ்ந்த பழைய வீட்டையே. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் வேலை கிடைத்து மீஞ்சூர்ப் பக்கம் குடியேறும் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. பத்திரம் பதிவாகிறது, சாவி கைக்கு வருகிறது, வீடு மந்திரிக்கக் குருவானவரை அழைத்து நாளும் குறிக்கிறோம். ஆனால், முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற எரிவாயு அடுப்பை எவர் சோதித்துப் பார்க்கின்றனர்?

நாமும் பார்க்கவில்லை. நல்ல அடுப்பு, வீண்செலவு மிச்சம் என்றெண்ணி, அதன் பழைய குழாயிலேயே நம் சிலிண்டரை மாட்டினோம். மந்திரிப்புக்கு முதல்நாள் மேடைக்கடியில் பெருக்கிய இல்லத்தரசியார், குழாயை வளைத்தபோது அதில் வெடிப்புகளைக் கண்டார். சோப்புநீர் தடவினோம், குமிழ்கள் எழும்பின. மறுநாள் மெழுகுதிரி ஏற்றவிருந்த இடமோ அதற்கு நான்கடி தூரம்!

சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையோடு படிந்து, மேடைக்கடியில் தேங்கும். அதற்கு இயல்பாக மணமில்லை. கசிவை நாம் அறியவே வாடைப்பொருள் சேர்க்கின்றனர். அவ்வாடை வீசினால் தீக்குச்சி கிழிக்கலாகாது. மின்விசையைப் போடவும் அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி, 1906 என்ற அவசரத் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும்.

பழைய அடுப்பை எறிந்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உடலும் பர்னரும் நன்றாயிருந்தால், பழுது பார்ப்பவரைக் கொண்டு குமிழ்களைச் சோதித்துப் பயன்படுத்தலாம். ரப்பர் குழாயை மட்டும் பழையதாக ஏற்கலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. முந்தையவர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் விட்டுச் சென்றிருந்தால் அவை நமக்குரியவை அல்ல. வீட்டை விற்பதால் எரிவாயு இணைப்பு கைமாறுவதில்லை. அவரைக் கொண்டே முகவரிடம் ஒப்படைக்கச் செய்து, நம் பெயரில் இணைப்புப் பெறுவதே நேர்மை.

இன்னொன்றும் உண்டு. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் 2019-ஆம் ஆண்டு திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கப்பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்தில் குழாய்வழி எரிவாயுவும் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இவ்வாயு காற்றைவிட இலேசானது; மேலே எழும்பும். சிலிண்டருக்கென அமைந்த அடுப்பின் துளைமூக்கு இதற்குப் பொருந்தாது. பயிற்சி பெற்றவரே மாற்றித்தர வேண்டும்.

சுடர் நீலமாக எரிகிறதா என்றும் நோக்குக. மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால், வாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள். அந்நிலையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிர்நாடுகளில் குடியேறிய நம் உறவினர், பழைய வீட்டில் குளிர்காயும் எரிவாயுக் கணப்பு இருந்தால், புகைபோக்கியோடு அதனைச் சோதிக்கச் செய்த பின்னரே பற்றவைப்பது இதனாலேயே.

நம் வீட்டு மந்திரிப்பு குறித்த நாளிலேயே நடந்தது. முதல்நாள் மாலையே கடைக்குச் சென்று புதுக்குழாய் வாங்கி மாட்டினோம். சோப்புநீரில் குமிழ் ஒன்றும் எழவில்லை. அதன் பின்னரே மெழுகுதிரியை எடுத்து வைத்தோம். புதுமனை புகும் அன்பர்களும் இவ்வரிசையை மாற்றாதிருப்பாராக.