எம்.சி.பி. விழுந்தால் முதலில் கம்பியைப் பாருங்கள்

ஆண்டாப் ஹில் வட்டாரத்தில் நம்மவர்கள் குடியிருக்கும் பழைய கட்டடங்களில் இப்போது வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்துவிட்டது. கீசர், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், போதாக்குறைக்கு மாவரைக்கக் கிரைண்டர். சுவருக்குள் ஓடும் கம்பி மட்டும் நாலு டியூப் லைட்டும் இரண்டு ஃபேனும் இருந்த காலத்தில் போட்டதாகவே பல வீடுகளில் இருக்கிறது. கோடை வந்ததும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. வயர்மேன் வருகிறார், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டுகிறார். பிறகு அது விழுவதே இல்லை. வீட்டுக்காரரும் மகிழ்ந்து, "நல்ல வேலைக்காரன்" என்று பக்கத்து வீட்டுக்குச் சிபாரிசு செய்கிறார். இது வீட்டுக்குள் நெருப்பை வரவழைக்கும் வேலை என்பது என் கருத்து. ரயில்வேயில் மின் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0175 ஓம். நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு; பரப்பு இரண்டு மடங்கானால் தடை பாதி. உடனடியாகச் சுடவைக்கும் 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து குளியலறை பத்து மீட்டர் என்றால், போக வர இருபது மீட்டர் கம்பி. அது 1 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை 0.35 ஓம். மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கித் தடையாலும் பெருக்கினால் 59 வாட். அதாவது, பழைய அறுபது வாட் பல்பு ஒன்றின் சூடு சுவருக்குள் பரவிக்கொண்டிருக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் அது 24 வாட்டுக்குள் அடங்கியிருக்கும்.

மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நாலு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. பைப்புக்குள் செல்லும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஏறக்குறைய 15 ஆம்பியர் தாங்கும், 2.5 என்றால் 20. 4 என்றால் 26 வரை. ஒரே பைப்பில் நாலைந்து கம்பிகளைத் திணித்தால் இதுவும் குறையும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. 15 ஆம்பியர் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டி, அதில் 30 ஆம்பியர் ஓடினால் சூடு நாலு மடங்கு, எம்.சி.பி.யோ பேசாமல் இருக்கும். 46 ஆம்பியர் ஓடினால்கூட விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. எம்.சி.பி. காவல் காப்பது ஏ.சி.யை அல்ல, கம்பியை. காவல்காரன் அடிக்கடி குரைக்கிறான் என்று அவன் வாயைக் கட்டுவதற்குச் சமம் இது.

நம் வடாலா வழியாகச் செல்லும் ஹார்பர் பாதையும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான். 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1500 வோல்ட் டி.சி. அந்த அழுத்தத்தில் 3000 கிலோவாட் வேண்டுமென்றால் 2000 ஆம்பியர் ஓட வேண்டும். அதனால்தான் தலைக்கு மேல் அத்தனை செம்பும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையமும் தேவைப்பட்டன. 25,000 வோல்ட்டில் அதே வேலைக்கு 120 ஆம்பியர் போதும். மேற்கு ரயில்வே 2012-லும், மத்திய ரயில்வேயின் பிரதான பாதை 2015-லும், ஹார்பர் 2016-லும் மாறி முடித்தன. வீட்டில் 230 வோல்ட்டை நாம் உயர்த்த முடியாது. தடிமனான கம்பி ஒன்றுதான் வழி.

பழைய வயர்மேன்கள் கம்பியை "மூணு இருபத்திரண்டு", "ஏழு இருபது" என்று சொல்வார்கள். 3/22 என்றால் இன்றைய கணக்கில் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். விளக்குக்கும் ஃபேனுக்கும் போதும், கீசருக்கு ஆகாது. 7/20 சுமார் 4.6. சில பழைய வீடுகளில் அலுமினியக் கம்பியும் உண்டு. அதன் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

திருநெல்வேலிப் பக்கம் ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிணறு அறுபது மீட்டர் தள்ளியிருந்து, 1.5 கம்பியில் 7 ஆம்பியர் மோட்டார் ஓட்டினால் வழியிலேயே சுமார் 10 வோல்ட் போய்விடும். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு இழுக்கும். அப்போது அது முனகுவதற்கு மோட்டார்க்காரரைத் திட்டிப் பயனில்லை.

செலவாகுமே என்பார்கள். தரைக்கு இத்தாலிய மார்பிளும், கூரைக்குப் பொய்க்கூரையும் போடும்போது வராத கவலை கம்பி என்றதும் வருகிறது! முழு வீட்டையும் உடைக்க வேண்டியதில்லை. ஏ.சி.க்கும் கீசருக்கும் மட்டும் போர்டிலிருந்து தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., கூடவே எர்த் கம்பி. வாடகை வீடானால், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு சுவருக்கு வெளியே கேஸிங் வைத்து இழுக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சொசைட்டிக் கமிட்டிகளுக்கும் ஒரு கோரிக்கை. ரிப்பேர் வேலைக்கு அனுமதி கேட்டால் டெபாசிட் வாங்குகிறீர்கள், மணல் மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். அதே படிவத்தில் எந்தச் சுற்றுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் கம்பி, எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்குங்கள். அதன் நகலை வீட்டுக்காரர் எம்.சி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கட்டும். அடுத்து வரும் வயர்மேன் 32-ஐ எடுக்கும் முன் அது அவர் கண்ணில் படும்.