முதலையும் இடனறிதலும்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவாகத் திருவரங்கம் விளங்குகின்றது. கொள்ளிடத்தில் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. மாடு மேய்க்கவோ மீன் பிடிக்கவோ அவ்வாற்றிற்குத் தனியே செல்லும் ஒருவன் தன்னை எங்ஙனம் காத்துக்கொள்வான்? துணிவு ஒன்றே போதும் என்பர் சிலர். முதலைகளைக் கொன்றொழித்தலே வழி என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா.

முதலை, கண்களையும் மூக்கையும் மட்டும் நீர்மேல் வைத்து, உடலை மறைத்துக் கிடக்கும். கரையை அணுகிய இரையை நொடியில் பற்றி உள்ளே இழுக்கும். அங்கே துணிவு என் செய்யும்? நிலத்திலோ, அது நெடுந்தொலைவு துரத்த வல்லதன்று. வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் முதலையை எடுத்துக்காட்டியது எத்துணைப் பொருத்தம்!

ஆதலின், கலங்கிய ஆழ்நீரில் தனியே இறங்கலாகாது. அந்திப்பொழுதிலும் இரவிலும் நீரோரத்தில் குனிந்து அமர்தல் கூடாது. மணற்கரையில் முட்டைகளைக் காக்கும் தாய்முதலையை நெருங்குதல் பெருந்தீங்கு. இறைச்சிக் கழிவை ஆற்றில் எறிதல், முதலையைக் கரைக்கு அழைப்பதேயாம்.

முதலையை வேட்டையாடுதலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆறு மக்களுக்கும் உரியது, முதலைக்கும் உரியது. இடமும் காலமும் அறிந்து ஒதுங்கும் அறிவு மக்களுக்கே உண்டு. ஆகவே, ஒதுங்கும் கடமையும் அவர்களுடையதே. அவ்வாறு ஒதுங்குதல் கோழைமையன்று. அறிவுடைமையே என்பதை மாணவர் உளங்கொள்வாராக.