உயரம் காலில் இருக்க வேண்டும்

கேமரா ட்ரைபாட் வரும் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும்: அதிகபட்ச உயரம் 160 செ.மீ., 170 செ.மீ. என்று. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் அதைப் பார்த்ததும், நமக்கு இது போதும் என்று பணத்தைக் கட்டிவிடுவார். அதே ட்ரைபாடைத் தாமல் ஏரிக்கரையில் விரித்து, விடிந்ததிலிருந்து கூழைக்கடாக்களுக்காகக் காத்திருப்பவரை வெயில் ஏறிய பிறகு பாருங்கள். ஒரு கை இடுப்பில் இருக்கும். கழுத்து முன்னால் நீண்டிருக்கும். பெட்டியில் போட்டது பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 170-இல் ஏறக்குறைய 30 செ.மீ. நடுத்தண்டை மேலே இழுத்தால்தான் கிடைக்கும். தண்டை இழுத்தால் படம் ஆடுகிறது. இழுக்காவிட்டால் முதுகு வளைகிறது. இரண்டில் எதைக் கெடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கத்தான் நெட்டையான ஒளிப்படக்காரர் காசு கொடுக்கிறார்.

என் வகுப்புக்கு வருகிறவர்களில் உயரமானவர்களிடம் முதலில் ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்வேன். மனிதக் கண் உச்சந்தலையிலிருந்து சுமார் 12 செ.மீ. கீழே இருக்கிறது. ஆறடி இரண்டங்குலக்காரருக்கு, அதாவது 188 செ.மீ. இருப்பவருக்கு, கண் மட்டம் 176. கேமராவின் அடியிலிருந்து வ்யூஃபைண்டர் வரை 10 செ.மீ. வைத்துக்கொள்ளலாம். ட்ரைபாடின் தலையில் பூட்டும் பால்ஹெட் இன்னொரு 10. கழித்தால் மிஞ்சுவது 156. தண்டைத் தொடாமல், கால்களை மட்டும் முழுக்க நீட்டி, மூன்று காலும் கூடும் அந்தத் தோள் 156 செ.மீ.-க்கு வர வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இதே கணக்கில் 133 வரும். கடைகளில் அதிகம் கிடைக்கும் நடுத்தர ட்ரைபாட்கள் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. நல்ல பெயரெடுத்த மான்ஃப்ரோட்டோ 055 மூன்று துண்டுக் கால் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டோடு 170, தண்டை இறக்கினால் 140. அந்த நிறுவனம் இரண்டு எண்களையும் வெளியிடுகிறது, பாராட்டத்தான் வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் பெரிய எண் மட்டும்தான் இருக்கும். 188 செ.மீ. ஆளுக்கு 140 என்பது, கண்ணைக் கேமராவுக்குக் கொண்டுவர அரையடிக்கு மேல் குனிய வேண்டும் என்று பொருள். ஒரு படத்துக்குக் குனியலாம். மூன்று மணி நேரம் குனிய முடியாது.

தண்டை ஏற்றினால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று கால்கள் விரிந்து நிற்கும்போது பாரம் மூன்று பக்கமும் பிரிந்து இறங்குகிறது. அதன் உச்சியில் ஒற்றைக் குழாயை நட்டு அதன் நுனியில் கேமராவை வைப்பது, ஏணி மேல் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிற கதைதான். ஒருபக்கம் மட்டும் பிடித்த குழாயின் நீளத்தை இரட்டித்தால், அதே விசைக்கு நுனி எட்டு மடங்கு வளையும். இது பொறியியல் மாணவர்கள் முதலிரண்டு ஆண்டுகளில் படிக்கிற பாடம். பறவைக்காரர்கள் பூட்டும் 600 மி.மீ. லென்ஸில் இது எப்படித் தெரியும்? 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் அந்த லென்ஸ் வழியே பார்த்தால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையின் மேல் ஒரு பிக்சல் என்பது ஒரு மில்லிமீட்டர். லென்ஸின் முன்முனை ஒரு முடியின் தடிமனில் சிறு பங்கு அசைந்தால் போதும், நாரையின் கண்ணுக்குள் இருந்த ஒளிப்புள்ளி கோடாக இழுபடும். ஏரிக்கரையிலோ மரம் குறைவு; வெயில் ஏற ஏற நீர்ப்பரப்பின் மேல் காற்றும் எழும். விடியலில் கூர்மையாக வந்த படம் ஒன்பது மணிக்கு மேல் மங்கினால் பலர் லென்ஸைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் தண்டைப் பார்ப்பேன்.

சமதளத்துக்கான கணக்குத்தான் மேலே சொன்னது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமலானாலும் சரி, உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளானாலும் சரி, படமெடுக்கத் தோதான இடம் கரையின் உட்சரிவுதான். கரை இரண்டடி போவதற்குள் ஓரடி இறங்குகிறது என்று வையுங்கள். நாம் மேல்பக்கம் நிற்கிறோம். ட்ரைபாட் நமக்கு இரண்டடி முன்னால் நிற்கிறது. அதன் கீழே தரை ஓரடி தாழ்ந்துவிட்டது. 156 இப்போது 186 ஆகிறது. சராசரி உயரமுள்ளவருக்கே இங்கே 160-க்கு மேல் தேவைப்படும். ஆகவே உயரமான ட்ரைபாட் உயரமானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கரையில் நிற்கிற எல்லோருக்கும் அது வேண்டும். நெட்டையானவர்களுக்குச் சமதரையிலும் வேண்டும். சரிவில் ஒரு காலை மேட்டுப் பக்கமும் இரண்டு கால்களைப் பள்ளத்துப் பக்கமும் வைப்பது நில அளவைக்காரர்களின் பழக்கம். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் கேமராவின் திரையே மடங்குகிறதே, இடுப்பு உயரத்தில் வைத்துக் கீழே பார்த்து எடுத்தால் போதாதா? நிலக்காட்சிக்கும் கல்யாண வீடியோவுக்கும் போதும். அந்த வேலைக்காரர்கள் 140-ஐ நிம்மதியாக வாங்கலாம். உச்சி வெயிலில் நீரின் பளபளப்புக்கு எதிரே நின்று திரையைப் பார்த்து, பறந்துவரும் பறவையைச் சட்டகத்துக்குள் பிடித்துவைப்பது வேறு கதை. அதற்குக் கண் வ்யூஃபைண்டரில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கிம்பல் தலை பூட்டுகிறார்கள். அது பால்ஹெட்டைவிடக் கேமராவைப் பத்து செ.மீ. வரை கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு கட்சி, ட்ரைபாடே எதற்கு, மா. கிருஷ்ணன் அதை நம்பியா காட்டுயிர் படமெடுத்தார் என்று கேட்கும். அவர் வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்து காட்டுக்குள் போனவர். யானை முதுகில் ட்ரைபாடுக்கு வேலையில்லை. நமக்கு யானையும் இல்லை.

இனி உறுதி. 'தாங்கும் எடை 15 கிலோ', '25 கிலோ' என்று போடுகிறார்களே, அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். எப்படிச் சோதித்து அந்த எண்ணைப் போட வேண்டும் என்று எல்லா நிறுவனமும் ஏற்ற பொதுவான அளவுகோல் கிடையாது. உடையாமல் தாங்குவதும் அசையாமல் தாங்குவதும் வேறு வேறு. பார்க்க வேண்டியது காலின் தடிமன், அதிலும் கடைசித் துண்டின் தடிமன். 28 மி.மீ.-இல் தொடங்கும் நான்கு துண்டுக் கால், கடைசியில் 19 மி.மீ. வாக்கில் மெலிந்துவிடும். சுவர் தடிமன் ஒன்றே என்றால், அந்தக் குச்சியின் விறைப்பு மேல் துண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. உயரமானவர் அந்தக் கடைசித் துண்டையும் முழுக்க நீட்டித்தான் ஆக வேண்டும். குட்டையானவருக்கு அதை உள்ளேயே விட்டுவைக்கும் சௌகரியம் உண்டு. ஆகவே மடித்தால் நீளமாக இருக்கிறதே, பைக்கில் கட்ட முடியவில்லையே என்று யோசிக்காமல் மூன்று துண்டுக் காலை வாங்குங்கள். பேருந்தில் பரணில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து துண்டு, ஒன்றரைச் சாண் அளவுக்குச் சுருங்கும் 'ட்ராவல்' வகையறாவின் பக்கம் ஆறடி ஆள் போகவே கூடாது. கார்பன் ஃபைபரா அலுமினியமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன். கார்பன் இலகு; அதிர்வும் அதில் சீக்கிரம் அடங்கும்; சித்திரை வெயிலில் கை வைத்தால் சுடாது. விலையோ இரண்டு மூன்று மடங்கு. கார்பனில் மெலிந்த கால் வாங்குகிற காசுக்கு அலுமினியத்தில் தடித்த கால் கிடைக்குமானால், தடித்ததையே எடுங்கள்.

பணம் தடையில்லை என்பவருக்கு வழி சுலபம். கிட்ஸோவின் 3 வரிசை எக்ஸ்.எல்.எஸ். மாடல் நடுத்தண்டே இல்லாமல் 202 செ.மீ. நிற்கிறது. தாமல் கரையின் சரிவும் ஆறடி இரண்டங்குலமும் சேர்ந்தாலும் அதற்கு மிச்சம் இருக்கும். ஆனால் அதன் விலையில் ஒரு நடுத்தர கேமராவே வாங்கலாம். காஞ்சிபுரத்தில் கல்யாண ஆர்டர் எடுத்துப் பிழைத்து, ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகிற பையனிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

அவனுக்கு நான் காட்டும் வழி நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிற்கிறது. சாலை அகலப்படுத்தும் இடங்களில், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கால்கள் மேல் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியை வைத்து நில அளவைக்காரர் ஒருவர் குனியாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காலைக் கவனியுங்கள். நடுத்தண்டு இல்லை. கருவி அசையாமல் நின்றால்தான் அளவு சரியாக வரும் என்ற தொழிலில் தண்டுக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை வேலையின் வாரிசுகள் அவர்கள். காலுக்கு இரண்டே துண்டு. மரத்திலோ தடித்த அலுமினியத்திலோ இருக்கும். முழுக்க நீட்டினால் 160 செ.மீ.-க்குக் குறையாது, சிலது இன்னும் மேலே போகும். நுனியில் இரும்புக் கூர். அதற்கு மேல் பாதத்தால் மிதித்து மண்ணில் இறக்க ஒரு மிதி. ஏரி வண்டலில் ரப்பர் குமிழ் வைத்த கேமரா ட்ரைபாட் ஒவ்வொரு காலாகப் புதைந்து சாயும்போது, இது மிதித்த இடத்தில் நிற்கும். விலையும், அதே உறுதியுள்ள கேமரா ட்ரைபாடோடு ஒப்பிட்டால், மிகக் குறைவு. பழையதாகவும் கிடைக்கும்.

ஒரே சிக்கல் திருகாணி. நில அளவைக் காலின் தலையில் கீழிருந்து மேலே வரும் போல்ட் ஐந்தெட்டங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. நம் பால்ஹெட்டின் அடித்துளை மூன்றெட்டங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. நடுவில் ஒரு இணைப்பு வேண்டும். ஆயத்தமாகவும் விற்கிறார்கள். இல்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளை உருளையைக் கொடுத்து, கீழ்ப்பக்கம் முதல் அளவில் உள்மரையும் மேல்பக்கம் இரண்டாம் அளவில் வெளிமரையும் போடச் சொன்னால் கடைந்து தருவார்கள். மேல் திருகு எத்தனை மி.மீ. நீள வேண்டும் என்பதைப் பால்ஹெட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிச் சொல்லுங்கள். நீளம் கூடினால் தலை முழுதும் இறுகாது. அந்த இடைவெளியே ஆட்டத்தைக் கொண்டுவரும்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு கிலோ கனக்கும். காலின் விரிவைப் பூட்டும் பல் கிடையாது. மண்டபத்தின் பளிங்குத் தரையில் வைத்தால் மூன்று காலும் மூன்று திசைக்கு வழுக்கும். காலுக்குக் கால் கயிறோ சங்கிலியோ கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கவும் இறங்காது. ஏரிக்கரைக்கு இது போல ஒன்றில்லை. எல்லா இடத்துக்கும் இதையே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

தாழ்வாக இறங்கும் தேவை நெட்டையானவருக்கும் வரும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, கண் மட்டத்தில் பார்த்து எடுக்கும் பலகைகள் அல்ல. கீழ்வரிகளைத் தெளிவாக எடுக்க, காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும் நேரத்தில், கேமராவைத் தரையோடு இறக்கி, கல்லுக்கு நேராக வைக்க வேண்டும். அப்போதும் குறுக்கே வருவது அதே நடுத்தண்டுதான். கால்களை அகல விரித்தாலும் தண்டின் நுனி தரையில் முட்டிக்கொண்டு கேமராவை இறங்க விடாது. தண்டில்லாத கேமரா ட்ரைபாட் சாணளவுக்குத் தாழும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாசலில் போய் வாதாடிப் பயனில்லை.

கடையில் என்ன செய்வது? டேப்பைக் கொண்டுபோங்கள். கால்களை முழுதாக நீட்டி, தண்டைக் கடைசிவரை இறக்கி, தோளின் உயரத்தை அளந்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு தோளைப் பிடித்து, துணி பிழிவதைப் போல் மெல்ல முறுக்குங்கள். கால் நுனி தரையில் நிற்க, மேலே எவ்வளவு திரும்புகிறது என்பது கைக்கே தெரியும். உங்கள் நீண்ட லென்ஸைப் பூட்டி, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு காலைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். ஆட்டம் ஓரிரு நொடியில் அடங்கினால் நல்லது. அடங்காததை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் வாங்குபவன் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு அளவு முக்கியமென்றால், அந்த அளவைப் பொட்டலத்தின் மேல் அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் அதை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. ட்ரைபாடுக்கு உயரத்தைவிட முக்கியமான அளவு வேறென்ன? தண்டை ஏற்றிய உயரத்தை மட்டும் போட்டு விற்பது விதியின் எழுத்துக்குப் பொருந்தலாம், நோக்கத்துக்குப் பொருந்தாது. தண்டை இறக்கிய உயரம், கடைசிக் கால் துண்டின் விட்டம் என்ற இரண்டு வரிகளைப் பெட்டியில் கட்டாயமாக்கினால் போதும். இறக்குமதி செய்கிறவர்கள் எப்படியும் விலைக்கும் முகவரிக்கும் தனி ஸ்டிக்கர் ஒட்டித்தான் இங்கே விற்கிறார்கள். அந்த ஸ்டிக்கரில் இந்த இரண்டு வரிகளுக்கும் இடமிருக்கிறது.

(கட்டுரையாளர் ஒளிப்படப் பயிற்றுநர்.)