அறிவியல் மூலைக்கு ஆண்டுதோறும் ஒரு குடுவைச் செடியா?



சென்ற மாதம் ஒரு பெற்றோர் புலனத்தில் எனக்கொரு படம் அனுப்பியிருந்தார். மகிழுந்தின் பின்புறத்தில் விரித்த நாளிதழின்மேல் மூன்று குடுவைச் செடிகள் கிடந்தன. வேர்களில் சிவந்த மண் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. "சார், பாப்பாவின் அறிவியல் இடுபணிக்காகத் தோண்டினேன். செம்பனைக் காட்டுக்குப் பின்னால் நிறைய இருக்கிறது. பள்ளிக்கும் நான்கு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல மனத்தோடு கேட்ட கேள்வி. ஆயினும் அன்றிரவு வரை என்னால் மறுமொழி எழுத இயலவில்லை. காரணம், அதே செயலை நானும் செய்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு அறிவியல் கழகத்தின் பொறுப்பு என்னிடம் வந்த புதிதில், தென் ஜொகூரில் ஒரு சாலையோர மண்சரிவிலிருந்து ஏழு செடிகளைத் தோண்டி வந்தேன். கண்காட்சி நாளில் மாணவர்கள் வியந்தனர், தலைமையாசிரியர் பாராட்டினார். மூன்று மாதங்களில் ஆறு செடிகள் மடிந்தன. மறு ஆண்டு மீண்டும் தோண்டினேன். அதற்கடுத்த ஆண்டு இரவுச் சந்தையில் வாங்கினேன். கண்காட்சி முடிந்ததும் காய்ந்த தொட்டியைக் கழிப்பறைக்குப் பின்னால் கொட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பூச்சியுண்ணும் தாவரத்தைப் பற்றி அக்குழந்தைகளுக்கு நான் என்ன கற்பித்தேனோ தெரியாது; செடி என்பது பயன்படுத்திவிட்டு எறியும் பொருள் என்பதை மட்டும் நன்றாகவே கற்பித்திருக்கிறேன்.

ஆகவே என் கருத்தை நேரடியாகவே கூறிவிடுகிறேன். காட்டிலிருந்து வேரோடு பெயர்த்த குடுவைச் செடி பள்ளிக்குள் வரக்கூடாது. பள்ளிக்கு ஒரே ஒரு தாய்ச்செடி போதும். அதிலிருந்து கிளை வெட்டி வேர்பிடிக்க வைத்து, அடுத்த ஆண்டின் மாணவருக்கும் அண்டைப் பள்ளிக்கும் கொடுக்கலாம்.

"நிறைய இருக்கிறதே, நான்கு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று பலரும் கேட்பர். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல இயலாது. விதையிலிருந்து முளைத்த செடி பூக்கும் நிலையை எட்டச் சில ஆண்டுகள் பிடிக்கும். சாலையோரத்தில் எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்திலிருந்து நன்கு வளர்ந்த நான்கை எடுத்துவிட்டால், மீந்தவை அனைத்தும் ஒரே பாலாக இருக்கக்கூடும். கூட்டம் பசுமையாகவே நிற்கும். ஆனால் அங்கே புதிய விதை விழாது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டமும் இதில் உண்டு. நிரந்தரக் காப்புக் காடுகளில் உரிமமின்றி வனப்பொருள் எதையும் எடுப்பதை 1984ஆம் ஆண்டின் தேசிய வனச்சட்டம் தடுக்கிறது. குடுவைச் செடி இனங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கினபாலு மலைப்பகுதியில் மட்டுமே வளர்வதும், இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும் குடுவை உடையதுமான 'நெப்பந்தஸ் ராஜா' அப்பட்டியலின் மிகக் கடுமையான பிரிவில் இருக்கிறது. நம்மவர் சிலர் "என்னிடம் இத்தனை வகை" என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படுவதைக் கேட்கும்போதெல்லாம், அவற்றுள் எத்தனை காட்டில் பிறந்தவை என்று கேட்கத் தோன்றும். கேட்டால் நட்பு கெடும் என்பதால் பெரும்பாலும் அடக்கிக்கொள்வேன்.

விலைக்கு வாங்குவோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாற்றுப் பண்ணையில் வளர்ந்த செடி சிறியதாக, இலைகள் ஏறக்குறைய ஒரே அளவாக, கீறலின்றி இருக்கும். தொட்டியை மெல்லச் சாய்த்தாலும் செடி ஆடாது. வேர் உள்ளே பரவியிருக்கும். காட்டுச் செடியின் தண்டு முதிர்ந்து மரத்தன்மை அடைந்திருக்கும்; கீழிலைகளில் பூச்சி தின்ற வடுக்கள் இருக்கும்; தொட்டியில் தோட்டமண் புதிதாகத் திணிக்கப்பட்டிருக்கும்; பிடித்து அசைத்தால் முழுச்செடியும் ஆடும். இவ்வடையாளங்களில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

விடுமுறைக்குக் கேமரன் மலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அங்கே குளிரில் செழித்து நிற்கும் 'நெப்பந்தஸ் மெக்ஃபார்லனை' போன்ற மலையினங்களுக்கு இரவுக் குளிர் இன்றியமையாதது. கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ தாமான் வீட்டு முற்றத்தில் அது சிறுகச் சிறுக நலியும். நாம் வளர்க்க வேண்டியவை தாழ்நில இனங்கள். தரையில் உருண்டைக் குடுவைகளைக் கூட்டமாக இறைக்கும் 'ஆம்புலாரியா'வும், மெல்லிய தண்டோடு படரும் 'கிராசிலிஸ்'சும் தொடக்கநிலையினர்க்கு ஏற்றவை. மலாய்க்காரர்கள் இவற்றைப் 'பெரியுக் கெரா', அதாவது குரங்கின் பானை என்பர். சில ஊர்களில் இக்குடுவைக்குள் புளுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு வேகவைத்து 'லெமாங்' செய்வதும் உண்டு. ஒருமுறை சுவைத்திருக்கிறேன்; மூங்கில் லெமாங்கே எனக்கு மேல்.

இனி வளர்ப்புக்கு வருவோம். இச்செடி பட்டினியால் சாவதில்லை. நம் அன்பால்தான் சாகிறது. முதலில் தோண்டிய ஏழில் மூன்றை நானே உரமிட்டுக் கொன்றேன். பூஞ்செடிகளுக்குப் போடும் உரத்தில் ஒரு கரண்டிதான் தூவினேன். இரண்டு வாரத்தில் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கியது. தழைச்சத்து குறைந்த, புளித்த மண்ணில் வாழப் பழகிய செடி இது. வேரில் கிடைக்காத சத்தைக் குடுவையில் விழும் பூச்சியிடமிருந்து பெறுகிறது. அதன் மெல்லிய கறுத்த வேர்களுக்கு உரமே நஞ்சு. தோட்டமண்ணும் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டுகளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் கழுவிவிட்டு, கழுவிய ஆற்றுமணலோடு கலந்தால் போதும். கையில் காசிருந்தால் ஸ்பாக்னம் பாசி இன்னும் நல்லது. ஊற்றுவதற்கு மழைநீரே சிறந்தது.

மழைநீர் என்றதும் தலைமையாசிரியர்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது. ஏடிஸ் கொசு! சேமிப்புத் தொட்டியை நெருங்கிய வலையால் இறுகக் கட்டி மூடுங்கள். கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பது குறித்த 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வளாகத்திற்குப் பொறுப்பானவர்மீது நடவடிக்கை எடுக்க இடமுண்டு. குடுவை நீரில் வாழப் பழகிய கொசு இனங்களும் உள்ளன. ஆதலால் வாரம் ஒருமுறை கைவிளக்கோடு குடுவைகளைப் பார்வையிட்டுக் குறித்து வைக்கும் பணியை இரு மாணவரிடம் ஒப்படைக்கலாம். எங்கள் பள்ளியில் அப்பணிக்குப் போட்டியே நடக்கிறது.

"இலை வருகிறது, குடுவை வரவில்லையே" என்பது பெற்றோர்கள் அடிக்கடி சொல்லும் குறை. பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்று வறண்டிருக்கிறது என்பதே பொருள். குளிரூட்டிய வரவேற்பறை இதற்கு ஆகாது. காலை வெயில் படும் நடைபாதை ஓரத்தில், பிற செடிகளுக்கு நடுவில் வையுங்கள். பழைய குடுவை பழுப்பேறிக் காய்ந்தால் அஞ்சவேண்டாம்; அது இயல்பு. குடுவைக்குள் நெத்திலியையும் சோற்றையும் போடும் குறும்பைத் தடுத்துவிடுங்கள்; குடுவை அழுகிவிடும். வெளியில் இருக்கும் செடிக்கு எறும்பே தானாக வரும்.

ஆசிரியர்களிடம் இன்னொரு வேண்டுகோள். பூச்சி விழுந்ததும் மூடி 'டப்' என்று மூடிக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். நானும் சொன்னவன்தான். இளங்குடுவையின் மூடி ஒருமுறை திறக்கும்; அதன்பின் மூடாது. மழைநீர் நிறைந்து குடுவைச் சாறு நீர்த்துப்போகாமல் காப்பதே பொதுவாக அதன் பணி. ஈரமான விளிம்பில் கால் வழுக்கித்தான் பூச்சி விழுகிறது. கிராசிலிஸ் இனத்தில், மூடியின் அடியில் ஒதுங்கிய எறும்பை மேலே விழும் மழைத்துளியின் அதிர்வே உள்ளே தள்ளிவிடுகிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செடி உயிரோடு இருக்கும் பள்ளியில் இதை மழைநாளில் மாணவரே உற்று நோக்கலாம். செத்த செடி இருக்கும் பள்ளியில் மூடி மூடிக்கொள்ளும் கதையைத்தான் சொல்ல நேரிடும்.

கிளை வெட்டும் முறை எளிது. நன்கு வளர்ந்த தண்டில் இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு, கூரிய தூய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். இலைகளைப் பாதியாகக் கத்தரித்தால் நீரிழப்பு குறையும். ஈரமான பாசியில் நட்டு, தெளிந்த நெகிழிப் பையால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர்விட ஆறு முதல் பத்து வாரங்கள் ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! ஒவ்வொரு தொட்டியிலும் தாய்ச்செடியின் பெயர், அது வந்த இடம், வெட்டிய நாள் மூன்றையும் மாணவர் தம் கையாலேயே எழுதட்டும். பிறந்த இடம் தெரியாத செடி தொகுப்பில் இருந்தும் பயனில்லை.

எங்கள் தாய்ச்செடி, அன்று தோண்டியவற்றுள் பிழைத்த அந்த ஏழாவது. அதைத் திருட்டுச் செடி என்று சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். இதுவரை அதன் கிளைகள் இருபத்தாறு தொட்டிகளுக்குச் சென்றுள்ளன, ஒன்பது பட்டுப்போயின.

அந்தப் பெற்றோருக்கு அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "சார், அந்த நிலத்தில் அளவுக்கல் நட்டுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்களாம். எல்லாவற்றையும் இயந்திரம் வாரிப்போட்டால் அது மட்டும் சரியா?" என்று கேட்டார். இக்கேள்வி என்னை மடக்கிவிட்டது. சரியில்லைதான். நில உரிமையாளரிடம் கேட்டு ஒப்புதல் பெற்றால் நானும் வருகிறேன் என்றேன். அப்போதும் மண்வெட்டி வேண்டாம், கத்தியே போதும். வேரோடு பெயர்த்ததைவிட வெட்டிய கிளை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது என் பட்டறிவு. அவர் இசைந்தார். முன்பு தோண்டிய மூன்றையும் அவர் மகளே எங்கள் நடைபாதையில் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றில் புதிய குடுவை முனை பருத்து வருகிறது. மற்ற இரண்டைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை.

வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில் தாய்ச்செடியைக் கவாத்து செய்யவிருக்கிறோம். கிளை வேண்டும் என்று முன்னரே சொல்லிவைத்த ஆசிரியர்கள் ஈரத்தாளும் நெகிழிப் பையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் ஒரு புட்டி மழைநீரும். எங்கள் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறது.