ஒரே பெயரில் இரண்டு ஔவையார்

ஜேபாஸ் என்னும் பயன்பாட்டு வழங்கியின் 4.2ஆம் பதிப்பில் (2007) ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். 'லாக்4ஜே.எக்ஸ்எம்எல்' என்றிருந்த அமைவுக் கோப்பு 'ஜேபாஸ்-லாக்4ஜே.எக்ஸ்எம்எல்' ஆயிற்று. வழங்கியில் குடியேறும் பயன்பாடுகளும் அதே பெயரில் ஒரு கோப்பைக் கொண்டுவருவதுண்டு. தேடுகிற நிரல் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி ஏதும் வராது. ஒருவர் கணக்கு இன்னொருவர் விதிப்படி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

நம்மைக் கவர்ந்தது, விலகிக்கொண்டவர் யார் என்பதே. குடிவந்தவரை மாற்றச் சொல்லாமல் வீட்டுக்காரரே பெயரை மாற்றிக்கொண்டார். தன் கோப்பின் பெயர் இன்னதென்று வழங்கி தனியே குறித்துவைத்துக்கொள்ள முடியும். பயன்பாடோ பொதுப்பெயரை நம்பி வருகிறது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். (தனித்துவமான அப்பெயர் போய், கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயிலுள்ள ஊருக்கும் உரிய பெயர் வந்தமர்ந்தது வேறு கதை.) அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார் பெயரில் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, மற்ற 26 அகப்பாடல்கள். தொண்டைமானிடம் தூது போய், அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவர் இவர். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த இன்னொரு ஔவையார் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் செய்தார். இன்று ஔவை என்றதும் மனம் முதலில் எடுப்பது கோலூன்றிய பாட்டியை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அவ்வுருவை மேலும் உறுதிப்படுத்தினார். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கும் ஓவியங்களிலும் பாட்டியே நிற்கிறார். காதலின் தவிப்பைப் பாடிய பெண்ணைக் காணவில்லை; பிழைச் செய்தியும் வரவில்லை.

அறிஞர்கள் 'சங்ககால ஔவையார்' என்று முன்னொட்டுச் சேர்த்துப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிரித்தது சரி, முன்னொட்டைச் சுமப்பவர்தான் தவறான ஆள் என்பது நம் எண்ணம். எந்தப் பெயரிட்டாலும் பாட்டியை ஊர் கண்டுகொள்ளும். ஆகவே அவர் 'ஆத்திசூடி ஔவையார்' ஆகட்டும். வெறும் 'ஔவையார்' தகடூர்க்காரருக்கு இருக்கட்டும். மக்கள் வழக்கை யாரும் ஆணையிட்டு மாற்ற முடியாதுதான். பாடநூல்களிலும் நூலகப் பட்டியல்களிலும் இணையத் தொகுப்புகளிலும் மாற்றலாம். நூலக அட்டையில் 'ஔவையார்' என்று தேடும் மாணவியின் கையில் முதலில் குறுந்தொகை அகப்பட்டால் என்ன குறைந்துவிடும்?