பாலிமர் படிப்பு யாருக்கு?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கிளியனூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களில் குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்திருப்பார்கள். அந்த உப்பை வாருகிறவர்களின் காலையும் கண்ணையும் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உப்பு நீரில் கால் வெடித்து, வெள்ளைப் பாத்தியின் கூச்சத்தில் கண் கெட்டு உழைக்கிற இவர்களிடம், "உங்கள் பிள்ளையும் இதே வேலைதானா?" என்று கேட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்றுதான் பதில் வருகிறது. அந்தத் தலையெழுத்தை எழுதியவன் எவன் என்று கேட்பதற்கே நமது இயக்கம் இருக்கிறது. அதை அழிப்பதற்கு உதவக்கூடிய ஒரு படிப்பைப் பற்றியே இப்போது எழுதப் புகுந்தோம்.

அதன் பெயர் பாலிமர் விஞ்ஞானம். பள்ளிப் புத்தகத்தில் பலபடி என்பார்கள். சிறு சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாய் நீளுவதுதான் பாலிமர். இது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பருத்தியும், ரப்பரும், சோற்றிலுள்ள மாவுப் பொருளும், நம் தலைமயிரும் பாலிமர்களே. நைலான் வலையும், பாலித்தீன் பையும், குடிநீர்க் குழாயும் பாலிமர்களே. 1920-இல் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானியர் இந்தச் சங்கிலிச் சங்கதியைச் சொன்னபோது பெரிய பெரிய இரசாயனப் பண்டிதர்களெல்லாம் முடியாதென்று மறுத்தார்கள். அவர் "முன்னோர் சொன்னார்கள், நம்பு" என்று சொல்லவில்லை. சோதனை மேல் சோதனை செய்து காட்டினார். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்திற்கும் வேதத்திற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்தப் படிப்பு நமது மக்களுக்கு முதலில் எதற்கு உதவும் என்றால், சாதிக் கசடைக் கழுவுவதற்கு உதவும். பட்டு மடி என்றும், தோல் தீட்டு என்றும் வைதிகர்கள் சொல்லி வந்தார்கள். பட்டுடுத்தியவன் மேலானவனாகவும், தோல் பதனிட்டவன் தொடக்கூடாதவனாகவும் ஆக்கப்பட்டான். பாலிமர் விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது? பட்டும் புரதம், தோலும் புரதம். இரண்டிலும் அமினோ அமிலங்கள் ஒரே விதமான பிணைப்பினால் கோக்கப்பட்டிருக்கின்றன. மீனவத் தோழனின் நைலான் வலையிலும் அதே அமைடுப் பிணைப்புத்தான் இருக்கிறது. இதில் மடி எங்கே, தீட்டு எங்கே? இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்தப் புராணிகன் வந்து அவனை ஏமாற்ற முடியும்?

இரண்டாவது, வயிற்றுப் பிழைப்பு. உப்பு என்பது கறிக்குப் போடுவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரினும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. அந்தக் குளோரினை எத்திலீனோடு சேர்த்து வினைல் குளோரைடாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்தால் பிவிசி. 100 கிலோ பிவிசியில் சுமார் 57 கிலோ குளோரின்தான். உப்பிலிருந்து வருகிற சரக்கு! மேட்டூரில் 1960களிலேயே பிவிசி செய்யத் தொடங்கினார்கள். நமக்குத் தெற்கே கடலூர்க் கடற்கரையில் 2009 முதல் ஓர் ஆலை நடக்கிறது. அதற்கு வேண்டிய வினைல் குளோரைடு அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. உப்பு வாருகிறவன் மகன் உப்பை மட்டும் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், அதைக் குழாயாக்குகிற வித்தை வேறு யாருக்கோ இருக்க வேண்டும் என்றால், இது மனுதர்மத்தின் புதுப் பதிப்பல்லவா என்று கேட்கிறோம்.

கண் விஷயத்தைப் பாருங்கள். யுத்தத்தில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறல் விமானிகளின் கண்ணில் தைத்தும் கண் அதை வெறுக்கவில்லை என்று கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கில வைத்தியர், 1949-இல் அதே வகைப் பாலிமரில் லென்சு செய்து புரை நீக்கிய கண்ணில் வைத்தார். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையார் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி, ஏழைகளுக்கு எட்டும் விலையில் அந்த லென்சைச் செய்யலானார்கள். கண் கொடுப்பாள் என்று அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தியவர்களுக்கும் கடைசியில் பார்வை கொடுத்தது பாலிமர்தான்.

நிற்க. இப்பேர்ப்பட்ட படிப்புக்கு நாட்டில் கிடைக்கும் மரியாதை என்ன? 2022-இல் மத்திய சர்க்காரின் பாடநூல் ஸ்தாபனமாகிய என்.சி.இ.ஆர்.டி., பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, 12-ஆம் வகுப்பு இரசாயனப் புத்தகத்திலிருந்து பாலிமர் பாடத்தை அடியோடு வெட்டியெறிந்தது. அதே கத்தரிக்கோல்தான் 10-ஆம் வகுப்பில் பரிணாமத்தையும் வெட்டியது. விஞ்ஞானமா பிள்ளைகளுக்குச் சுமை? தமிழ்நாட்டுப் பாடநூலிலோ, 2019-இல் வந்த 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் பலபடிகள் உண்டு. ஆனால் கட்டக் கடைசிப் பாடத்தில், மருந்துக்கும் சோப்புக்கும் பின்னால்! விஞ்ஞானப் பிரிவு எடுக்காதவனுக்கு அதுவும் கிடையாது.

"பிளாஸ்டிக்கால் நாடே குப்பையாகிறது, அதைப் படிக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குப்பையாவது உண்மை, அதற்காகத்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது. ஆனால் நோயைப் படிக்காமல் வைத்தியனாக முடியுமா? எந்தப் பை மக்கும், எது நூறாண்டு கிடக்கும் என்று தெரியாதவன் கடைக்காரன் சொல்லை நம்ப வேண்டியதுதான். 2018-இல் பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கடையில் விற்கும் உப்பிலேயே நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் கண்டார்கள். கடல்நீரை மணலில் வடிகட்டினால் பெரும்பகுதியை நீக்கலாம் என்றும் காட்டினார்கள். இது முதலில் தெரியவேண்டியது நமது உப்பளத்துக்காரனுக்கா, வேறு யாருக்கா?

சென்னை கிண்டியில் 1968-இல் ஏற்பட்ட சிப்பெட் இருக்கிறது, சென்னைச் சர்வகலாசாலையில் பாலிமர் விஞ்ஞானத்திற்கென்றே தனித் துறை இருக்கிறது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் படிப்பு இருக்கிறது. இவை இருக்கின்றன என்ற சேதியே உப்பளத்து வீடுகளுக்கு வந்து சேர்வதில்லை.

ஆதலால் தோழர்களே, 10-ஆம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலிமர் பாடம் வைக்கப்பட வேண்டும்; அதைச் செய்முறையோடு கற்பிக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று சொல்ல வேண்டாம். காய்ச்சிய பாலில் வினிகரை விட்டுத் திரித்து, திரண்டதைப் பிழிந்து அச்சில் வைத்து உலர்த்தினால் அதுவே ஒரு பிளாஸ்டிக். ஒரு காலத்தில் சட்டைப் பொத்தான் அப்படிப்பட்ட சரக்கில் செய்தார்கள். கல்லின் தலையில் குடம் குடமாய்ப் பால் கொட்டுகிற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு குவளைப் பால் கிடைக்காதா?

கிளியனூர், மரக்காணம் வட்டாரத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபையிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். 12-ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கிண்டிக்கு விண்ணப்பம் போடச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். தலையெழுத்தைப் படித்துக் கொண்டிருந்தது போதும். இனி இரசாயனத்தைப் படிப்போம்.