கடல்நீர் காத்திருக்குமா?

கடலோரக் கிராமத்திலிருந்து இக்கல்லூரிக்குப் படிக்க வருபவன் நான். வணிகவியல் வகுப்பில் காப்பீட்டுச் சட்டம் நடத்தப்பட்டபோது, நண்பர்கள் பலருக்கு அது தேர்வுக்குரிய பாடம். எனக்கோ எங்கள் வீட்டு வழக்கு.

சென்ற ஐப்பசியில் ஒரு புயலிரவு. துறையில் கட்டிக் கிடந்த எங்கள் மரப்படகின்மீது, கயிறு அறுந்த விசைப்படகு ஒன்று வந்து மோதியது. பலகை இடுக்கு பிளந்து, விடிவதற்குள் எஞ்சின் உப்புநீரில் மூழ்கிவிட்டது. காலையில் ஊரார் கைகொடுக்க, நீரை இறைத்துப் படகைக் கரையேற்றினோம். அன்றே மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டார். உப்புநீர் பட்ட இரும்பை அப்படியே விட்டுவைத்தால் துரு தின்றுவிடும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும்.

சர்வேயர் வந்தது ஆறாம் நாள். "நான் பார்ப்பதற்கு முன் ஏன் பிரித்தீர்கள்?" என்பதே அவருடைய முதற்கேள்வி. பிறகு வந்தது ஓர் ஆங்கிலக் கடிதம். பலகை பிளந்தது நாட்பட்ட தேய்மானத்தாலாம். எஞ்சின் சேதத்துக்குச் சான்று போதாதாம். அதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்: "அப்ப எஞ்சின துருப்புடிக்க உட்டுருக்கணுமாப்பா?"

1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, சாதாரணத் தேய்மானத்துக்கும் சாதாரணக் கசிவுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்கிறது 55ஆம் பிரிவு. (எலியால் வரும் சேதத்தைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்!) காற்றும் அலையும் வழக்கமாகச் செய்கிற வேலை 'கடல் இடர்' ஆகாது என்கிறது அதன் அட்டவணை. நியாயம்தான். ஆனால் அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு, இழப்பைத் தடுக்கவும் குறைக்கவும் தக்க முயற்சி எடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை என்கிறதே! அந்தக் கடமையைச் செய்தவரைச் சான்றைக் கலைத்தவராக நடத்துவது என்ன முறை?

எங்கள் பக்கமும் பிழை உண்டு. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறோம், ரசீது வாங்குவதில்லை. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுக்க எனக்கே தோன்றவில்லை. படித்த பிள்ளை!

ஆயினும், உடனே ஆளனுப்ப இயலாத நிறுவனம், ஊர்ப் பஞ்சாயத்தாரின் சாட்சியத்தையும் கழற்றிய உறுப்புகளையும் சான்றாக ஏற்பதே முறை. தண்ணீர் புகுந்தால் முதலில் என்ன செய்வது என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டுப் பாலிசியோடு தைத்துக் கொடுக்கட்டும். பிரீமியம் வாங்கும்போது தமிழில்தானே பேசினார்கள்?

நிறுவனம் மறுத்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதை வகுப்பில்தான் அறிந்தேன். மனுவை நானே எழுதினேன்; 78ஆம் பிரிவு முதல் பத்தியிலேயே இருக்கிறது. மோதிய படகின் சொந்தக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். துருவேறிய பேரிங்குகளும் போல்ட்டுகளும் ஒரு சாக்கில் கட்டி எங்கள் திண்ணையில் கிடக்கின்றன, விசாரணைக்கு அழைத்தால் எடுத்துப் போக.